மூணு குவார்ட்டர்பேக், ஒரே சீசன்: ஒஹாயோ ஸ்டேட் 2014 முழு ஆய்வு

அமெரிக்க காலேஜ் ஃபுட்பால்ல 2014 ஒஹாயோ ஸ்டேட் டீம் பத்தி பேச்சு வந்தாலே "மூணாவது குவார்ட்டர்பேக்க வச்சு சாம்பியன்ஷிப் அடிச்ச டீம்"னு ஒரு வரியில முடிச்சிடுறாங்க. அது உண்மைதான். ஆனா அந்த ஒரு வரிய மட்டும் கேட்டா ஏதோ அதிர்ஷ்டம் அடிச்சு நடந்த மாதிரி தோணும். அந்த சீசன மேட்ச் மேட்ச்சா பிரிச்சு பாத்தா வேற ஒண்ணு தெரியுது. ஆள் மாறும்போதெல்லாம் ஆட்டத்தையும் அந்த ஆளுக்கு தகுந்த மாதிரி மாத்தினாங்க, அப்படி மாத்த கத்துக்கிட்டது செப்டம்பர்ல சொந்த மைதானத்துல வாங்கின ஒரு அடியில. எனக்கு இந்த சீசன்ல ரொம்ப முக்கியமா படுறது அந்த தோல்விதான், கோப்பை ரெண்டாவதுதான்.

அமெரிக்கன் ஃபுட்பால் பாக்காதவங்களுக்கு கொஞ்சம் மட்டும் சொல்லிடறேன். ஒரு பக்கம் 11 பேர், நாலு வாய்ப்புக்குள்ள 10 கெஜம் முன்னேறணும், முன்னேறினா மறுபடி நாலு வாய்ப்பு. கிட்டத்தட்ட ஒவ்வொரு வாய்ப்புலயும் பந்து முதல்ல குவார்ட்டர்பேக் கையிலதான் வரும், எறியறதா, ஓடறவன் கையில குடுக்கறதா, தானே ஓடறதான்னு ரெண்டு மூணு செகண்டுல முடிவு பண்றது அவர்தான். அதனால மத்த இடத்துல ஆள் மாறறதும் இங்க மாறறதும் ஒண்ணு இல்ல. இதுல அப்போ காலேஜ் ஃபுட்பால்னா பசங்க அதிகபட்சம் நாலு சீசன்தான் ஆட முடியும், வருஷா வருஷம் டீம்ல நிறைய பேர் கிளம்பிடுவாங்க, கோச் எப்பவுமே புதுசா கட்டிக்கிட்டே இருக்கணும்.

சீசனுக்கு முன்னாடி

தலைமை கோச் அர்பன் மேயர் ஒஹாயோ ஸ்டேட்டுக்கு வந்தது 2012 சீசனுக்கு. அந்த வருஷம் 12-0, ஆனா முந்தைய நிர்வாகத்துல நடந்த விதிமீறலுக்கு காலேஜ் விளையாட்ட நிர்வகிக்கற என்சிஏஏ போட்ட தடையால சீசன் முடிஞ்சப்புறம் எந்த போட்டியும் ஆட முடியல. 2013ல மறுபடி 12-0, அதுக்கப்புறம் ஒஹாயோ ஸ்டேட் ஆடற லீகான பிக் டென்னோட இறுதிப் போட்டியில மிச்சிகன் ஸ்டேட்கிட்ட 34-24ன்னு தோத்து, சீசன் கடைசியில நடக்கற ஆரஞ்ச் பௌல் போட்டியில கிளெம்சன்கிட்டயும் 40-35ன்னு தோத்து சீசன் முடிஞ்சது. அந்த ரெண்டு வருஷமும் டீமோட முகம் பிராக்ஸ்டன் மில்லர், ரெண்டு தடவையும் பிக் டென்னோட சிறந்த அஃபென்ஸ் (பந்த வச்சு முன்னேறுற பக்கம்) ஆட்டக்காரர் விருது அவருக்குத்தான்.

மில்லருக்கு அந்த ஆரஞ்ச் பௌல்லயே எறியற கை தோள்ல அடி, ஆபரேஷன் பண்ணி 2014க்கு தயாராகிட்டு இருந்தார். ஆகஸ்ட் 18ம் தேதி, சீசன் ஆரம்பிக்க ரெண்டு வாரம் கூட இல்ல, பிராக்டிஸ்ல சாதாரணமா ஒரு பந்து எறியும்போது அதே தோள் மறுபடி போச்சு. யாரும் மோதல, யாரும் தள்ளல. சீசன் முழுக்க அவுட்.

அதோட நிக்கல, குவார்ட்டர்பேக்குக்கு முன்னாடி நின்னு எதிரிய தடுக்கற அஃபென்சிவ் லைன்ல முந்தின வருஷம் ஆடின அஞ்சு பேர்ல நாலு பேர் போயிட்டாங்க, மிச்சம் இருந்தது டெய்லர் டெக்கர் ஒருத்தர், அவரையும் வலது பக்கத்துல இருந்து இடது பக்கத்துக்கு மாத்தினாங்க. 2013ல ஓட்டத்த சுமந்த கார்லோஸ் ஹைடும் இல்ல. அவர் இடத்துக்கு வரவேண்டிய எஸீக்கியல் எலியட் ஆகஸ்ட்ல மணிக்கட்டு உடைஞ்சு ஆபரேஷன் பண்ணிக்கிட்டு வந்திருக்கார். இந்த நிலமையில சாவி குடுக்கப்பட்டது டெக்சாஸ் விச்சிட்டா ஃபால்ஸ்ல இருந்து வந்த ஜே.டி. பாரெட்டுக்கு, காலேஜ்ல ஒரு மேட்ச் கூட ஆடாத பையன். அவருக்கு பின்னாடி கார்டேல் ஜோன்ஸ், கிளீவ்லாண்ட் பையன், 6 அடி 5 அங்குலம், 250 பவுண்டு. ஜோன்ஸ்தான் ரெண்டாவது இடத்துல இருந்தவர், ஆகஸ்ட் பிராக்டிஸ்ல பாரெட் அவர தாண்டி வந்துட்டார்.

செப்டம்பர் 6: அடி

முதல் மேட்ச் பால்டிமோர்ல நேவி கூட, பாதி ஆட்டத்துல 7-6ன்னு பின்தங்கி அப்புறம் 34-17ன்னு ஜெயிச்சாங்க. லைன் தடுமாறுறது அப்பவே தெரிஞ்சது. அடுத்த வாரம் ஒஹாயோ ஸ்டேடியத்துல லட்சத்துக்கு மேல கூட்டம், எதிர்ல வர்ஜீனியா டெக்.

வர்ஜீனியா டெக்கோட டிஃபென்ஸ் கோச் பட் ஃபாஸ்டர் என்ன பண்ணார்னா, "பேர் ஃப்ரண்ட்"னு சொல்ற அமைப்புல வந்தார், அதாவது அஃபென்ஸ் லைன்ல நடுவுல நிக்கிற மூணு பேருக்கும் தனித்தனியா ஒரு ஆள எதிர்ல நிறுத்திடுறது, அப்போ ரெண்டு பேர் சேந்து ஒருத்தன தள்ளி வழி பண்றது நடக்காது, உள்பக்கமா ஓடறது அடைபட்டுடும். அதுக்கு பின்னாடி "கவர் ஜீரோ", பாஸ் பிடிக்க ஓடற ரிசீவர் ஒவ்வொருத்தருக்கும் ஒரு காவல், கடைசியில பின்னாடி நின்னு பாத்துக்க சேஃப்டின்னு சொல்ற ஆள் யாரும் கிடையாது, மிச்சம் இருக்கிறவங்க எல்லாம் குவார்ட்டர்பேக் மேல பாய்றாங்க. இது சூதாட்டம் மாதிரியான ஏற்பாடு. ஒரு ரிசீவர் தப்பிச்சிட்டா நேரா எதிரி கோட்ட தாண்டி டச் டவுன்தான். ஆனா ரெண்டாவது மேட்ச் ஆடற குவார்ட்டர்பேக்கும் புது லைனும் அந்த தண்டனைய குடுக்க முடியாதுன்னு ஃபாஸ்டர் கணக்கு போட்டார், கணக்கு சரியாவே இருந்தது.

பாரெட் 29 எறிஞ்சு 9 தான் சேந்தது, 3 இன்டர்செப்ஷன் (எதிரி கையில போய் சேந்த பாஸ்), 7 தடவ பந்து கையில இருக்கும்போதே கீழ விழுந்தார். பாதி ஆட்டத்துல 21-7 பின்னாடி இருந்து நாலாவது குவார்ட்டர்ல, அதாவது மேட்ச்சோட கடைசி கால்பகுதியில, 21-21 ஆக்கினாங்க, அதுக்கப்புறமும் தோத்தாங்க, கடைசி நிமிஷத்துல ஒரு இன்டர்செப்ஷன் நேரா டச் டவுனாவே திரும்பி போய் 35-21. நாட்டு அளவுல ரேங்க் 8ல இருந்து 22க்கு சரிஞ்சது. வர்ஜீனியா டெக் அந்த சீசன 7-6ன்னுதான் முடிச்சது, அதுல வேக் ஃபாரஸ்ட் கூட நாலு குவார்ட்டரும் 0-0ன்னு இருந்து ஓவர்டைம்ல 6-3ன்னு தோத்த ஒரு மேட்ச்சும் உண்டு. அந்த மாதிரி டீம்கிட்ட தோத்தது ஒஹாயோ ஸ்டேட்டோட கணக்குல டிசம்பர் வரைக்கும் கறையாவே நின்னுச்சு.

அதுக்கப்புறம் நடந்ததுதான் நான் இந்த ஆய்வ எழுதறதுக்கே காரணம். மத்த டீம்களும் வீடியோவ பாத்து அதே பேர் ஃப்ரண்ட்ட கொண்டு வரப்போறாங்கன்னு மேயருக்கும் அஃபென்ஸ் பாத்துக்கிட்ட டாம் ஹெர்மனுக்கும் லைன் கோச் எட் வாரினருக்கும் தெரியும். அதனால உள்பக்கம் அடைச்சா வெளிப்பக்கம், மேல பாய்ஞ்சா சட்டுனு போற சின்ன பாஸ், தனியா காவல் போட்டா ரிசீவர் டெவின் ஸ்மித்த நீளமா ஓட விடறதுன்னு ஒவ்வொண்ணுக்கும் பதில் தயார் பண்ணாங்க. கென்ட் ஸ்டேட் 66-0, சின்சினாட்டி 50-28, மேரிலாண்ட் 52-24, ரட்கர்ஸ் 56-17. வரிசையா நாலு மேட்ச் 50ம் அதுக்கு மேலயும். எதிரிங்க பலவீனமான டீம்தானேன்னு கேக்கலாம், நியாயமான கேள்விதான், ஆனா நான் பாத்த வரைக்கும் அந்த நாலு மேட்ச்லதான் லைன்ல நின்ன பசங்க ஒருத்தர ஒருத்தர் பேசாமலே புரிஞ்சுக்க ஆரம்பிச்சாங்க, டெக்கர், பில்லி பிரைஸ், ஜேகபி போரன், பாட் எல்ஃப்லைன், டாரில் பால்ட்வின். ஜனவரியில எலியட்டுக்கு கிடைச்ச வழியெல்லாம் இந்த வாரங்கள்ல தோண்டினது.

மேயர் அந்த வருஷம் டீமுக்கு ஒரு சூத்திரம் சொல்லிக்கிட்டே இருப்பார், நடக்கிறதும் அதுக்கு நாம காட்டற பதிலும் சேந்ததுதான் விளைவுன்னு. கோச்சுங்க சொல்ற வாசகங்கள நான் பொதுவா பெருசா எடுத்துக்கறதில்ல. இங்க அது பிராக்டிஸ்லயே நடந்துச்சுங்கறதால சொல்றேன்.

பாரெட்டோட ரெண்டு மாசம்

அக்டோபர் 25, பென் ஸ்டேட் மைதானம். பாதியில 17-0 முன்னாடி இருந்து அத்தனையும் விட்டு 17-17 ஆச்சு. பாரெட்டுக்கு முழங்கால்ல வேற சுளுக்கு, அந்த காலோடவே ரெண்டு ஓவர்டைம்லயும் தானே ஓடி டச் டவுன் போட்டார். கடைசி வாய்ப்புல டிஃபென்ஸ் ஆட்டக்காரர் ஜோயி போசா எதிர்ல தடுக்க வந்த ரன்னிங் பேக்கையே (பந்த வாங்கி ஓடறவர்) பின்னாடி தள்ளிக்கிட்டு போய் குவார்ட்டர்பேக் மேல சாய்ச்சு மேட்ச்ச முடிச்சார், 31-24. இந்த மேட்ச் தோத்திருந்தா மிச்ச கதையே கிடையாது, அதனால "எல்லாம் திட்டம்தான்"னு நான் சொல்ல மாட்டேன், கொஞ்சம் தப்பிச்சாங்கன்னும் சேத்தே சொல்லணும்.

அந்த வருஷம்தான் நாலு டீம் பிளேஆஃப் முதல் தடவையா வந்தது, ஒரு தேர்வுக் கமிட்டி வாராவாரம் ரேங்க் போடும், கடைசிப் பட்டியல்ல முதல் நாலு இடத்துல இருக்கற டீம்தான் கோப்பைக்கு மோதும். அக்டோபர் 28ல வந்த முதல் பட்டியல்ல ஒஹாயோ ஸ்டேட் 16வது. நவம்பர் 8ம் தேதி மிச்சிகன் ஸ்டேட் மைதானத்துல ராத்திரி மேட்ச், முந்தின வருஷம் கனவ உடைச்ச அதே டீம், ரிசீவருங்கள ஒட்டி நின்னு மூச்சு விட விடாத டிஃபென்ஸ். 21-14 பின்னாடி இருக்கும்போது பாரெட் மைக்கேல் தாமஸுக்கு குடுத்த சின்ன பாஸ் 79 கெஜம் போச்சு, அடுத்து டெவின் ஸ்மித்துக்கு 44 கெஜம். 49-37. பாரெட் 300 கெஜம் எறிஞ்சார். செப்டம்பர்ல ஒட்டி நின்ன காவல பாத்து திணறின அதே பையன் ரெண்டு மாசத்துல அத தண்டிக்க கத்துக்கிட்டார். கமிட்டி அடுத்த பட்டியல்ல 8வது இடம் குடுத்துச்சு.

மினசோட்டால கடுங்குளிர்ல 31-24, அதுல பாரெட் 86 கெஜம் ஓடி போட்ட டச் டவுன் ஒண்ணு. இந்தியானா 42-27. நவம்பர் 29 மிச்சிகன், வருஷத்துலயே பெரிய பகை. நாலாவது குவார்ட்டர் ஆரம்பத்துல பாரெட் கணுக்கால் உடைஞ்சது. தரையில படுத்திருந்தவர் பக்கத்துல மிச்சிகன் குவார்ட்டர்பேக் டெவின் கார்ட்னர் வந்து குனிஞ்சு ஆறுதல் சொன்னார், பாக்கறதுக்கு மனசு நிறைஞ்ச விஷயம் அது. மேட்ச் 42-28 ஜெயிச்சாச்சு. பாரெட் கணக்கு மொத்தம் 45 டச் டவுன், பிக் டென் சாதனை, நாட்டோட சிறந்த காலேஜ் ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் விருது ஓட்டுல அஞ்சாவது.

அதே வாரம் டீம்ல இருந்த ஒரு பையன் காணாம போய், மிச்சிகன் மேட்ச் முடிஞ்ச மறுநாள் இறந்த நிலையில கண்டெடுக்கப்பட்டார். அடுத்த மேட்ச்க்கு அவர் நம்பர ஹெல்மெட்ல ஒட்டிக்கிட்டு ஆடினாங்க. ரிசல்ட்ட மட்டும் பாத்து "59-0"ன்னு கொண்டாடறவங்க, இருபது வயசு பசங்க எந்த மனநிலையில அந்த வாரத்த கடந்தாங்கன்னும் நினைச்சு பாக்கணும்.

ஜோன்ஸ் வந்தப்புறம் என்ன மாறுச்சு

டிசம்பர் 6, இந்தியானாபொலிஸ், பிக் டென் இறுதி, எதிர்ல விஸ்கான்சின். ஜோன்ஸுக்கு காலேஜ்ல முதல் தடவையா ஆரம்பத்துல இருந்து ஆடற மேட்ச் இதுதான். பந்தயம் கட்டறவங்க விஸ்கான்சின்தான் ஜெயிக்கும்னாங்க.

பாரெட் பண்ணதையே நீயும் பண்ணுன்னு ஜோன்ஸ்கிட்ட சொல்லல, அங்கதான் கோச்சிங் தெரியுது. பாரெட் வேகமா முடிவெடுக்கிறவர், சின்ன பாஸ், குவார்ட்டர்பேக் ஓட்டம், அதுக்கு ஏத்த ஆட்டம் அது. ஜோன்ஸ் கையில இருந்த பலம் வேற, அம்பது கெஜத்துக்கு மேல அலட்டிக்காம எறிவார். அதனால எலியட்ட உள்பக்கமா ஓட விட்டு டிஃபென்ஸ முன்னாடி இழுக்கறது, இழுத்ததும் டெவின் ஸ்மித்துக்கு மேல தூக்கி எறியறதுன்னு வச்சுக்கிட்டாங்க. இது ரெண்டுமே பழைய ஆட்டத் திட்டத்துல இருந்ததுதான், அழுத்தத்த மட்டும் இடம் மாத்தினாங்க. ஸ்மித் மூணு டச் டவுன், 39, 44, 42 கெஜம், மூணும் ஜோன்ஸ் எறிஞ்சது. ஜோன்ஸ் 17க்கு 12, 257 கெஜம். எலியட் 220 கெஜம்.

ஆனா எல்லாரும் ஜோன்ஸையே பேசறதால டிஃபென்ஸுக்கு கிடைக்க வேண்டிய பேர் கிடைக்காம போகுது. அந்த சீசன்ல 2587 கெஜம் ஓடி ஹைஸ்மன்ல ரெண்டாவது வந்த மெல்வின் கோர்டன், இந்த மேட்ச்ல 26 தடவ ஓடி 76 கெஜம்தான். 2013ல ஓட்டையா இருந்த டிஃபென்ஸுக்கு அர்க்கன்சாஸ்ல இருந்து கிறிஸ் ஆஷ கூட்டிட்டு வந்து, ஏற்கனவே இருந்த லூக் ஃபிக்கலோட சேத்து, லைனுக்கு பென் ஸ்டேட்ல ரொம்ப வருஷம் இருந்த லாரி ஜான்சன கொண்டு வந்தாங்க. அந்த வேலையோட பலன் முழுசா தெரிஞ்சது இந்த ராத்திரி. 59-0.

மறுநாள் கமிட்டி முடிவு. அதுக்கு முந்தின பட்டியல்ல அலபாமா 1, ஓரிகன் 2, டிசியூ (டெக்சாஸ் கிறிஸ்டியன்) 3, ஃப்ளோரிடா ஸ்டேட் 4, ஒஹாயோ ஸ்டேட் 5, பேய்லர் 6. டிசியூ தன்னோட கடைசி மேட்ச்ச 55-3ன்னு ஜெயிச்சிட்டு மூணுல இருந்து ஆறுக்கு போச்சு. ஒஹாயோ ஸ்டேட் நாலாவது. டிசியூவும் பேய்லரும் இருந்த பிக் 12 லீக்ல அப்போ இறுதிப் போட்டியே கிடையாது, நேருக்கு நேர் பேய்லர் 61-58ன்னு ஜெயிச்சிருந்தும் ரெண்டு பேரையும் கூட்டு சாம்பியன்னு அறிவிச்சாங்க. ஒஹாயோ ஸ்டேட்டுக்கு கூடுதலா ஒரு பெரிய மேட்ச், அதுல அப்படி ஒரு ஸ்கோர். என் கருத்து, ஒஹாயோ ஸ்டேட் தேர்வு சரிதான், ஆனா டிசியூ பசங்களுக்கு நடந்தது அநியாயம், ரெண்டும் ஒரே நேரத்துல உண்மையா இருக்கலாம். டிசியூ பீச் பௌல்ல ஓல் மிஸ்ஸ 42-3ன்னு அடிச்சு காட்டிச்சு. பிக் 12 பாடம் கத்துக்கிட்டு 2017ல இறுதிப் போட்டிய திரும்ப கொண்டு வந்துச்சு. ரெண்டே டீம் மோதற பழைய முறை இன்னும் ஒரு வருஷம் நீடிச்சிருந்தா ஒஹாயோ ஸ்டேட்டுக்கு இந்த வாய்ப்பே இல்ல.

ஜனவரி

1ம் தேதி நியூ ஆர்லியன்ஸ், பிளேஆஃப் அரையிறுதியான சுகர் பௌல், எதிர்ல கோச் நிக் சேபனோட அலபாமா. ஆரம்பத்துல பந்த நல்லா கொண்டு போய் கோட்டுக்கு பக்கத்துல போனதும் மாட்டிக்கிட்டு பந்த உதைச்சு ஃபீல்ட் கோலா மூணு மூணு பாயின்ட்டா வாங்கினாங்க, அந்தப் பக்கம் டச் டவுனா விழுந்து 21-6. நிறைய டீம் இந்த இடத்துல திட்டத்த தூக்கி போட்டுட்டு கண்டபடி எறிய ஆரம்பிச்சிடும். இவங்க ஓடிக்கிட்டே இருந்தாங்க. பாதி முடிய கொஞ்ச நேரம் இருக்கும்போது எலியட் ஒரு டச் டவுன், அடுத்து பாதி முடிய சில செகண்ட் முன்னாடி ரிசீவர் இவான் ஸ்பென்சர் பந்த வாங்கி தானே எறிஞ்சு, மூலையில மைக்கேல் தாமஸ் உடம்ப வளைச்சு பிடிச்சு ஒரு கால கோட்டுக்குள்ள வச்சார். 21-20.

மூணாவது குவார்ட்டர்ல ஸ்மித்துக்கு 47 கெஜம், அப்புறம் டிஃபென்ஸ்ல ஸ்டீவ் மில்லர்ங்கற லைன்மேன் பாஸ்ஸ பிடிச்சு 41 கெஜம் ஓடினார், 34-21. அலபாமா 34-28க்கு வந்துச்சு. மூணரை நிமிஷம் கூட இல்லாத நேரத்துல எலியட் 85 கெஜம். அந்த ஓட்டத்த மறுபடி பாக்கறவங்க எலியட்ட விட்டுட்டு ஸ்பென்சர பாருங்க, ஒரே இடிய வச்சு வழியையே திறந்து விட்டிருப்பார், தன் பேருக்கு ஒரு கெஜம் கூட சேராத வேலை அது. 42-35. எலியட் 230.

12ம் தேதி ஆர்லிங்டன்ல இறுதிப் போட்டி, எதிர்ல ஓரிகன், அவங்க குவார்ட்டர்பேக் ஹைஸ்மன் ஜெயிச்ச மார்கஸ் மரியோட்டா. ஓரிகன் முதல்ல போட்டாலும் பாதியில 21-10. ஒஹாயோ ஸ்டேட் நாலு தடவ பந்த இழந்துச்சு, அத வச்சு ஓரிகன் 21-20 வரைக்கும் வந்துச்சு. சாதாரணமா நாலு தடவ பந்த விட்டா இறுதிப் போட்டி ஜெயிக்க முடியாது. ஆனா ஓரிகன் கோட்டுக்கு பக்கத்துல வந்தப்ப டிஃபென்ஸ் நின்னுச்சு, அந்தப் பக்கம் லைன் ஓரிகன் பசங்கள களைச்சுடுச்சு, 36 தடவ எலியட், 246 கெஜம், நாலு டச் டவுன். 42-20. கடைசி மூணு மேட்ச்ல எலியட் மட்டும் 696 கெஜம். மூணாவது குவார்ட்டர்பேக் கதைக்குள்ள ஒளிஞ்சிருக்கிற பெரிய எண் இதுதான், குவார்ட்டர்பேக் மேல விழ வேண்டிய பாரத்த எலியட்டும் லைனும் எடுத்துக்கிட்டாங்க. சீசன் 14-1, 15 மேட்ச்ல 672 பாயின்ட்.

"ஆள் தரம்தானே காரணம், கோச்சிங் எல்லாம் அப்புறம்"னு சொல்றவங்களுக்கும் ஆதாரம் இருக்கு, மறைக்க வேண்டாம். தொழில்முறை லீகான என்எஃப்எல் டீமுங்க காலேஜ் பசங்கள வரிசையா எடுக்கற 2016 டிராஃப்ட்ல ஒஹாயோ ஸ்டேட்ல இருந்து 12 பேர், அதுல முதல் ரவுண்டுல மட்டும் அஞ்சு பேர், எடுத்த வரிசைப்படி: போசா 3, எலியட் 4, எலி ஆப்பிள் 10, டெக்கர் 16, டாரன் லீ 20. மைக்கேல் தாமஸ் ரெண்டாவது ரவுண்டு. இந்த பசங்க பெரும்பாலும் 2014ல முதல், ரெண்டாம் வருஷம் ஆடறவங்க. இப்படி ஒரு கூட்டம் எல்லா டீமுக்கும் கிடைக்காது.

ஆனா இதே கூட்டம் 2015லயும் இருந்துச்சு. பாரெட் குணமாகி வந்தார், ஜோன்ஸ் என்எஃப்எல் போகாம படிப்பு முக்கியம்னு திரும்பினார், பின்னாடி 2017ல டிகிரியும் முடிச்சார். மில்லர் ரிசீவரா மாறினார். ஹெர்மன் மட்டும் ஹூஸ்டனுக்கு தலைமை கோச்சா போயிட்டார், ஸ்மித்தும் இல்ல. யார ஆட வைக்கறதுன்னு மாசக்கணக்கா முடிவாகாம, முதல்ல ஜோன்ஸ், அப்புறம் பாரெட்னு மாறி மாறி, ரெண்டு பேருக்கும் பொருந்தாத ஒரு ஆட்டமா ஆயிடுச்சு. மழையில நடந்த மிச்சிகன் ஸ்டேட் மேட்ச்ல எலியட் கைக்கு பந்து 12 தடவதான் போச்சு, 33 கெஜம். மேட்ச்சோட கடைசி வாய்ப்புல எதிரி அடிச்ச ஃபீல்ட் கோலால 17-14ன்னு தோத்தாங்க, 12-1ல சீசன் முடிஞ்சது, பிளேஆஃப்க்கு போகல. அன்னிக்கு மிச்சிகன் ஸ்டேட்டோட முதல் குவார்ட்டர்பேக் கானர் குக் அடிபட்டு ஆடல, மாத்து ஆட்டக்காரங்க ரெண்டு பேர வச்சுத்தான் அவங்க ஜெயிச்சாங்க.